பழைய கேமராவின் ஷட்டர் கவுண்ட்: ஏமாறுகிற இடங்கள்

முகூர்த்த சீசன் ஓய்ந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சில ஸ்டுடியோக்காரர்கள் பழைய கேமரா பாடியைக் (லென்ஸ் இல்லாத கேமராவை) கைமாற்றிவிட்டுப் புதுசுக்கு மாறுவார்கள். ஓசூர் தாண்டி பெங்களூரு போய் செகண்ட் ஹேண்டில் வாங்கி வருகிறவர்களும் உண்டு. எங்கே வாங்கினாலும் முதல் கேள்வி, "கவுண்ட் எவ்வளவுங்ணா?" அதாவது, படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியிருக்கிறது என்ற எண்ணிக்கை. கேள்வி சரிதான். பதிலைத் தேடுகிற இடத்தில்தான் கோளாறு.

பலரும் பார்ப்பது ஃபைல் பெயரில் உள்ள எண்ணை. அது கவுண்ட்டே அல்ல. பொதுவாக அந்த எண் 9999 வரை போய், மறுபடி 0001-இல் தொடங்கும். 0350 என்று இருந்தால் கேமரா 350 படம்தான் எடுத்திருக்கலாம். பத்தாயிரத்துச் சொச்சமாகவும் இருக்கலாம், தொண்ணூறாயிரத்துச் சொச்சமாகவும் இருக்கலாம். மெனுவில் போய் அதை எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்க வைக்கலாம். வேறு கேமராவில் எடுத்த படங்கள் இருக்கிற கார்டைச் செருகினால், அதிலுள்ள பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே போவதும் உண்டு. உண்மையான கவுண்ட் கேமராவுக்குள் தனியாகப் பதிவாகிறது. "ஃபேக்டரி ரீசெட் போட்டேன், கவுண்ட்டும் போயிடுச்சு" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். மெனு ரீசெட் அதைத் தொடாது. மெயின் போர்டு மாற்றியிருந்தால் கதை வேறு. அதனால் சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். "ஒரு ஃபோட்டோ அனுப்புங்க, கவுண்ட் பார்த்துக்கிறேன்" என்று கேட்டு வாங்குகிற படத்தில் அந்தத் தகவல் இருக்காது. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, உள்ளிருக்கும் எக்ஸிஃப் விவரங்களை (கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் குறிப்புகளை) கழற்றிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்து சேமித்த படத்தையும் நம்ப முடியாது. கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் அல்லது ரா ஃபைல்தான் வேண்டும். அது இந்தக் கேமராவில் எடுத்ததுதானா என்பதையும் பாருங்கள்: எக்ஸிஃபில் சீரியல் நம்பர் இருந்தால், பாடியின் அடியில் உள்ளதோடு ஒப்பிடலாம். நேரில் போய், உங்கள் கார்டைப் போட்டு, நீங்களே ஒரு கிளிக் எடுத்துவிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

அந்த ஃபைலை எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்களிலும் சோனியின் பல மாடல்களிலும் ஷட்டர் கவுண்ட் என்ற வரி கிடைக்கும். கேனான்காரர்கள்தான் பாவம். பெரும்பாலான கேனான் டிஎஸ்எல்ஆர்கள் படத்துக்குள் கவுண்ட்டை எழுதுவதில்லை. யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, அதற்கென்றே உள்ள மென்பொருளில்தான் படிக்க வேண்டும். அதுவும் எல்லா மாடலுக்கும் நடக்காது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "கேனான்ல கவுண்ட் பார்த்தாச்சு" என்று யாராவது சொன்னால், ஃபைல் எண்ணைப் பார்த்திருப்பார்.

எண் கிடைத்த பிறகு செய்கிற தவறு, அதைக் காலாவதித் தேதியாக எடுத்துக்கொள்வது. நிக்கான் டி5600-க்கு 1 லட்சம் கிளிக், டி750-க்கும் கேனான் 5டி மார்க் 4-க்கும் 1.5 லட்சம், டி850-க்கு 2 லட்சம் என்று கம்பெனிகள் சொல்வது சோதித்துப் பார்த்த அளவு. அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு, பாதியில் நிற்பதும் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு 2,000 கிளிக் என்று வைத்தால் 50 கல்யாணத்தில் ஒரு லட்சம். தை மாதம் எருது விடும் விழாவில் பர்ஸ்ட் மோடில் விரலை எடுக்காமல் சுட்டவருடைய கேமராவில் எண் இன்னும் வேகமாக ஏறியிருக்கும்.

எண் குறைவு என்பதற்காக மயங்கவும் வேண்டாம். மணிக்கணக்கில் வீடியோ எடுத்தாலும் கவுண்ட் அந்த அளவுக்கு ஏறாது. குவாரித் தூசியும் ஒகேனக்கல் சாரலும் எந்த எண்ணிலும் தெரியாது. மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவில்) எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது திரை அசையாமல் சென்சாரே வேலையைச் செய்யும் முறையில், எடுத்த படத்துக்கு இயந்திர ஷட்டர் தேய்வதில்லை. நிக்கான் இசட் வரிசையில் சில மாடல்களின் ஃபைலில் மொத்தக் கவுண்ட்டும் இயந்திர ஷட்டர் கவுண்ட்டும் தனித்தனியாக இருக்கும். இசட்8, இசட்9 இரண்டிலும் இயந்திர ஷட்டரே கிடையாது. அங்கே இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

அதனால் எண்ணோடு நிற்காமல் ஷட்டரை ஓட்டிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரை மேனுவல் மோடில் எஃப் 8-இல் 1/125, எஃப் 5.6-இல் 1/250, எஃப் 4-இல் 1/500 என்று எடுத்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். பிறகு 1/4000-இல் வானத்தைப் பார்த்து வரிசையாகப் பத்துப் படம். ஒரு ஓரம் மட்டும் இருண்டு வந்தாலோ, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தாலோ ஷட்டர் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இதைக் கடைக்குள் எல்இடி விளக்கடியில் செய்யாதீர்கள். விளக்கின் துடிப்பே படத்தில் பட்டை போடும். ஃப்ளாஷ் மாட்டி, கேமராவின் சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகத்தை) தாண்டி எடுத்தாலும் கறுப்புப் பட்டை விழும். நல்ல கேமராவை அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

கவுண்ட் அதிகமாக இருந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், அந்த மாடலுக்கு ஷட்டர் மாற்ற என்ன செலவாகும் என்று சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.