பிரெஞ்சு அளவீட்டுச் சொற்களை ஆங்கிலத்தில் மாற்றும்போது: அலகை முதலில் பாருங்கள்

பிரெஞ்சு ஆய்வக அறிக்கையை ஆங்கிலத்தில் மாற்ற உட்கார்ந்தால் முதல் பக்கம் ரொம்ப எளிதாகத் தெரியும். பாதிச் சொற்கள் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன, இல்லையா? வில்லங்கமே அங்கேதான்.

நான் மாட்டிக்கொண்டது ஆலிவ் எண்ணெயில். தாளில் 'தான்சித்தே 0,915' என்று இருந்தது (பிரெஞ்சில் தசமப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி). டென்சிட்டி என்று எழுதிவிட்டு, அலகு விட்டுப்போயிருக்கிறதே என்று நானாகவே கனமீட்டருக்குக் கிலோகிராம் என்றும் சேர்த்தேன். காற்றே கனமீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ இருக்கும். என் எண்ணெயை வாணலியில் ஊற்றினால் பறந்துபோயிருக்கும்! தான்சித்தே என்பது தண்ணீரோடு ஒப்பிட்ட விகிதம், அதற்கு அலகே கிடையாது, ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் டென்சிட்டி. ஆங்கிலத்தில் வெறும் டென்சிட்டி என்பதைப் பிரெஞ்சில் 'மாஸ் வொல்யுமிக்' என்பார்கள்.

அன்றிலிருந்து அலகைப் பார்த்த பிறகுதான் சொல்லைத் தொடுகிறேன். 'தான்சியோன்' என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். பக்கத்தில் வோல்ட் இருந்தால் அது வோல்டேஜ். மருத்துவக் குறிப்பில் 12/8 என்று இருந்தால் அது பிளட் பிரஷர், அதுவும் சென்டிமீட்டர் பாதரசத்தில் சொல்வது பிரெஞ்சு மருத்துவர்கள் பழக்கம், ஆகவே ஆங்கிலத்தில் மில்லிமீட்டர் பாதரசத்தில் 120/80 என்று மாற்ற வேண்டும். மீட்டருக்கு நியூட்டன் என்றால் சர்ஃபேஸ் டென்ஷன், அங்கே டென்ஷன் என்றே விடலாம்.

'மாசிக்' என்று ஒட்டு வந்தால் ஒரு கிலோவுக்கு, 'வொல்யுமிக்' என்றால் ஒரு கனமீட்டருக்கு, 'சுர்ஃபசிக்' என்றால் ஒரு சதுர மீட்டருக்கு, 'லினேயிக்' என்றால் ஒரு மீட்டருக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் அகராதியே பாதி தேவைப்படாது. மாசிக் வந்தால் பெரும்பாலும் ஸ்பெசிஃபிக் என்று போடலாம்.

அப்புறம் எண்கள். 1,250 கிராம் என்பது பிரெஞ்சில் ஒன்றேகால் கிராம். ஆங்கிலத்தில் அப்படியே விட்டால் ஒன்றேகால் கிலோ. ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் இடைவெளி விடுவார்கள். எல்லாக் காற்புள்ளியையும் ஒரே அமுக்கில் புள்ளியாக மாற்றிவிடாதீர்கள், வாக்கியத்தில் உள்ள காற்புள்ளியும் சேர்ந்து போய்விடும். 'மிலியார்' நூறு கோடி, அதுதான் ஆங்கில பில்லியன். பிரெஞ்சு 'பிலியோன்' லட்சம் கோடி, அதற்கு ஆங்கிலத்தில் டிரில்லியன்.

அதிகம் தடுமாற வைப்பது துல்லியம். தமிழில் நாமே எல்லாவற்றையும் துல்லியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒரே எடையைத் தராசில் பத்து முறை வைத்து, பத்து முறையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் அது 'ஃபிதெலித்தே', ஆங்கிலத்தில் பிரிசிஷன். அந்த எண்களின் சராசரி உண்மை எடைக்குப் பக்கத்தில் இருந்தால் 'ஜுஸ்தெஸ்', அதாவது ட்ரூனஸ். தனி ஓர் அளவீடு உண்மை மதிப்பை எவ்வளவு நெருங்குகிறது என்பது 'எக்சாக்தித்யூத்', அக்யூரசி. ஃபிதெலித்தே என்று பார்த்ததும் ஃபிடெலிட்டி என்று கை போகும், அடக்கிக்கொள்ளுங்கள். பொதுவழக்கில் எழுதுகிறவர்கள் 'ப்ரெசிசியோன்' என்பதை அக்யூரசி என்ற பொருளிலும் போடுவார்கள். எழுதியவரைக் கேட்பதுதான் ஒரே வழி.

'எத்தலோன்' (பொலிகுதிரைக்கும் இதே சொல்தான்) ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அளவீட்டு ஸ்டாண்டர்ட், 'நோர்ம்' எழுத்தில் இருக்கும் விதிமுறை ஸ்டாண்டர்ட். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மெஷர்மென்ட் ஸ்டாண்டர்ட் என்று பிரித்து எழுதுங்கள். 'எத்தலோனாஜ்' கேலிப்ரேஷன், அதாவது கருவி காட்டும் எண்ணை எத்தலோனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. 'கலிப்ராஜ்' பெரும்பாலும் பழம், முட்டையை அளவு வாரியாகத் தரம்பிரிப்பது. கருவியைத் திருகிச் சரிசெய்தால் அது 'அஜுஸ்தாஜ்', அட்ஜஸ்ட்மென்ட்.

கேலிப்ரேஷன் சான்றிதழின் கடைசியில் 'அன்செர்த்தித்யூத் எலார்ஜி' என்று வரும், அது எக்ஸ்பாண்டட் அன்சர்ட்டன்டி, அதாவது அளவீட்டின் சந்தேக வரம்பை விரித்துச் சொல்வது. கூடவே வரும் 'ஃபக்தர் தெலார்ஜிஸ்மான்' எக்ஸ்பான்ஷன் ஃபேக்டர் அல்ல, கவரேஜ் ஃபேக்டர், அந்த வரம்பை விரிக்கப் பெருக்கும் எண். இந்த மாதிரிச் சொற்களை ஊகிக்க வேண்டாம். விம் என்று சுருக்கமாகச் சொல்லும் சர்வதேச அளவியல் சொற்களஞ்சியத்தின் 2012 பதிப்பு இரண்டு மொழியிலும் இருக்கிறது. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரில் உள்ள சர்வதேச எடைகள் அளவைகள் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.