தயிர் இருக்கிறது, உறைமோர் இல்லை: இரத்த ஸ்டெம் செல் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு ஒரு மாணவி, திறந்த மடிக்கணினியை ஏந்திக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தாள். டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெண். அவள் வீட்டில் தமிழ் பாட்டியோடு நின்றுவிட்டது. மிஞ்சியிருக்கும் சில சொற்களில் ஒன்று "அக்கா". "அக்கா, பத்து நாளில் 40 மடங்கு!" என்றாள். தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து பிரித்த செல்களுக்கு, வளர்ச்சிச் சைகை தரும் புரதங்களான சைட்டோகைன்கள் ஐந்தைக் கலந்து ஊற்றியிருந்தாள். திரையில் கோடு படிக்கட்டுபோல ஏறியிருந்தது. இதே கோட்டை நானும் ஒரு காலத்தில் வரைந்து, அச்செடுத்து, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். பிறகு நானே கிழித்தும் போட்டேன்.

வளர்ப்பில் பூஞ்சை பிடித்தது, நீர்த்தல் கணக்கில் சுழியை விட்டது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரு வாரத்தைத் தின்னும். மறு வாரம் சரியாகிவிடும். ஆண்டையே விழுங்கும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெருக்கத்தைப் புதுப்பித்தல் என்று எண்ணுவது

இரத்த ஸ்டெம் செல் என்பது எல்லா இரத்த அணுக்களுக்கும் மூலச் செல். அது இரண்டாகப் பிரியும்போது ஒரு சேய்ச் செல்லாவது தாய்ச் செல்லைப் போலவே இருந்தால்தான் அது சுயபுதுப்பித்தல். இரண்டு சேய்களும், கொஞ்ச காலம் மட்டும் அணுக்களைத் தரும் முன்னோடிச் செல்களாக மாறிவிட்டால் எண்ணிக்கை கூடும், வம்சம் அறுந்துவிடும். எண்ணும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

மாணவியிடம் உறைமோரைச் சொல்லித்தான் விளக்கினேன். குண்டான் நிறையத் தயிர் தோய்ந்துவிட்டது என்று மகிழாதே. அதில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் ஊற்று. தோய்ந்தால், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்னொரு பாலில் ஊற்று. மூன்றாவது பாத்திரமும் கெட்டியானால் உன்னிடம் உறை இருக்கிறது. "பாட்டி இப்படித்தான் செய்வார்" என்றாள். பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போன கதை இது.

மதுரையிலிருந்து இங்கே வந்த புதிது. மேற்பரப்பில் சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்ட செல்களைப் பிரித்து, எஸ்.சி.எஃப்., ஃபிளிட்3 லிகண்டு, த்ராம்போபொயட்டின், இன்டர்லூகின்-3, இன்டர்லூகின்-6 என்ற ஐந்து சைட்டோகைன்களையும் கொட்டினேன். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக வளரும் என்ற எண்ணம். வளரவும் செய்தது. மொத்தச் செல்கள் மட்டுமல்ல, சிடி34 இருந்து, சிடி38 என்ற இன்னொரு அடையாளப் புரதம் இல்லாத செல்களும் பெருகியிருந்தன. புதிதாக எடுத்த இரத்தத்தில் ஸ்டெம் செல்கள் இருப்பது அந்தக் கூட்டத்தில்தான். ஆகவே ஸ்டெம் செல்லைப் பெருக்கிவிட்டேன் என்று எழுதியே வைத்துவிட்டேன்.

ஆனால் வளர்ப்புத் தட்டில் சிடி38 பொய் சொல்லும். சில நாட்களிலேயே முன்னோடிச் செல்களும் அந்தப் புரதத்தை இழந்துவிடும். பெயர்ப்பலகை கழன்றவர்கள் எல்லாரும் ஸ்டெம் செல் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். டொராண்டோ ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டியிருந்தார்கள்: அந்தச் செல் கூட்டம் பெருகியது, எலியில் வேரூன்றும் செல்கள் அதற்கேற்பக் கூடவில்லை. அந்தக் கட்டுரை என் கோப்புறையில் இருந்தது. படித்ததாகக் குறியும் போட்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மனிதச் செல்லை விரட்டாத, நோயெதிர்ப்பு இல்லாத எலிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருந்து, செல்களைச் செலுத்தினேன். நான்காவது வாரம் வாலிலிருந்து எடுத்த இரத்தத்தில் மனிதச் செல்கள் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். பதினாறாவது வாரம் தைப்பூசத்தை ஒட்டி வந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் காவடி பார்க்கப் போயிருந்தார்கள். நான் இருட்டறையில் எலிகளின் மஜ்ஜையைக் கருவியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வளர்க்காமல் அன்றே செலுத்திய செல்களைப் பெற்ற எலிகளில் மனிதச் செல்கள் மேகம்போலத் திரண்டு நின்றன. வளர்த்த செல்களைப் பெற்ற எலிகளிலோ, மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல நாலைந்து புள்ளிகள். நான்காவது வாரத்தில் கண்டது முன்னோடிச் செல்களின் வாணவேடிக்கை. அவை எரிந்து முடிந்தபோது பின்னால் யாரும் இல்லை.

ஏன் இப்படி? செல்லின் மேல் த்ராம்போபொயட்டினை வரவேற்கும் எம்.பி.எல். என்ற ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். த்ராம்போபொயட்டின் அதில் வந்து அமர்ந்ததும் உள்ளே ஜாக்2 என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது ஸ்டாட்5 என்ற புரதத்தையும், பிஐ3 கைனேஸ், மேப் கைனேஸ் என்ற சைகைப் பாதைகளையும் கிளப்பிவிடும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவைத் தரும் மெகாகேரியோசைட் செல்லில் நடப்பதும் இதுதான், ஸ்டெம் செல்லில் நடப்பதும் இதுதான். முதலாவது முதிர்ந்து தட்டணுக்களை உதிர்க்கிறது. இரண்டாவது, மஜ்ஜையில் தன் இடத்தில் ஓய்ந்திருக்கவே அதே சைகையை நம்பியிருக்கிறது. 2007இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஒரே சொல்லை இருவர் காதில் போட்டால், ஒருவர் எழுந்து ஓடுகிறார், மற்றவர் அமைதியாகிறார். அந்தச் சொல்லுக்கு உள்ளேயே கடிவாளமும் உண்டு. எல்.என்.கே. என்ற புரதம் எம்.பி.எல்.லின் குரலை அடக்கிவைக்கிறது. அது இல்லாத எலிகளில் ஸ்டெம் செல்கள் பல மடங்கு அதிகம். நானோ, ஐந்து பேரை ஒரே நேரத்தில் கத்தவிட்டேன். அவர்களில் இன்டர்லூகின்-3, நீண்டகாலம் இரத்தம் தரும் திறனைக் கெடுக்கக்கூடியது என்று எலிச் செல் வளர்ப்பில் 1990களிலேயே தெரிந்திருந்தது.

அளவும் முக்கியம். 2019இல் ஸ்டெம் செல் ஆய்வாளர் ஹிரோமிட்சு நகௌச்சியின் குழு எலி ஸ்டெம் செல்களை ஒரு மாதம் வளர்த்து நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கியது. அவை வேரூன்றுகின்றன என்பதை, அவற்றைப் பெற்ற எலிகளில் நிரூபிக்கவும் செய்தது. அவர்கள் பயன்படுத்திய சைட்டோகைன்கள் இரண்டே இரண்டு: மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் த்ராம்போபொயட்டின், 10 நானோகிராம் எஸ்.சி.எஃப். வளர்ப்புக் கரைசலில் வழக்கமாகச் சேர்க்கும் அல்புமின் புரதத்தைத் தூக்கிவிட்டு, பசையில் சேரும் பாலிவினைல் ஆல்கஹாலை ஊற்றினார்கள். 2023இல் மனிதச் செல்லுக்கு வந்தபோது சைட்டோகைன்களையே கைவிட்டு, எம்.பி.எல்.லையும் பிஐ3 கைனேஸையும் தூண்டும் சிறு வேதிப்பொருள்களை வைத்தார்கள். கூட்டிக்கொண்டே போனவள் நான். அவர்கள் கழித்துக்கொண்டே போனார்கள்.

ஆக, எதைச் செய்ய வேண்டும்? வளர்த்த பிறகு எண்ணிய செல்களை ஒப்பிடாதீர்கள். நூறு செல்லில் தொடங்கினால், அந்த நூறின் மொத்த வாரிசுகளையும் ஒரு எலிக்கும், வளர்க்காத நூறு செல்களை இன்னொரு எலிக்கும் கொடுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பல எலிக் குழுக்களுக்குச் செலுத்துங்கள். எந்த அளவில் 37 சதவீத எலிகளில் ஒன்றும் வேரூன்றாமல் போகிறதோ, அந்த அளவில் சராசரியாக ஒரு ஸ்டெம் செல் இருக்கிறது. 16 வாரம் பொறுங்கள். பிறகு அந்த மஜ்ஜையை எடுத்து இரண்டாவது எலிக்கு மாற்றுங்கள். இரண்டாவது பால் தோயாவிட்டால் முதல் தயிரைப் பற்றிப் பேசாதீர்கள்.

எலியின் விதியை மனிதருக்குப் படிப்பது

தட்டணுவைக் கூட்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை எம்.பி.எல்.லைத் தூண்டும் என்று கேள்விப்பட்டு, ஓர் இளைஞர் அதை எலி மஜ்ஜையில் ஆறு வாரம் சோதித்தார். ஒன்றும் நடக்கவில்லை, மருந்து கெட்டுவிட்டது என்று புதுப் புட்டி வாங்கினார். அந்த மருந்து ஏற்பியின் சவ்வுப் பகுதியில் 499ஆம் இடத்து அமினோ அமிலமான ஹிஸ்டிடினைப் பற்றிக்கொள்வது. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் அங்கே ஹிஸ்டிடின், எலிக்கு லூசின். புட்டி மேல் பழியில்லை.

பட்டியல் இதோடு முடியவில்லை. மனித இன்டர்லூகின்-3ஐ எலிச் செல் கண்டுகொள்ளாது. மனித எஸ்.சி.எஃப். எலிச் செல்லில் பலவீனமானது. மனித த்ராம்போபொயட்டினோ இரண்டிலும் வேலை செய்யும். அதனாலேயே மற்றவையும் செய்யும் என்று ஏமாறுகிறோம். மனித ஸ்டெம் செல்லில் ஃபிளிட்3 ஏற்பி உண்டு, எலியின் நீண்டகால ஸ்டெம் செல்லில் இல்லை. வளர்ந்த எலியின் நீண்டகால ஸ்டெம் செல்லில் சிடி34 இல்லை. அதை வைத்துப் பிரித்தால், தேடியதையே கழிவுக் குழாயில் விடுவீர்கள்.

த்ராம்போபொயட்டின் தட்டணுவுக்கு மட்டும் என்று நினைப்பது

பெயரிலுள்ள 'த்ராம்போ' தட்டணுவை நினைவூட்டுவதால் வந்த கெடுதல் இது. எம்.பி.எல். மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்கு முதலில் தட்டணு மட்டும் குறைந்திருக்கும். சில ஆண்டுகளில் சிவப்பணுவும் வெள்ளையணுவும் சேர்ந்து சரியும், மஜ்ஜையே வறண்டுவிடும். அந்த ஏற்பியை நம்பி ஸ்டெம் செல் வாழ்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். மறுபக்கமும் உண்டு. மஜ்ஜை வறண்ட நோயாளிகளில் சிலருக்கு எல்ட்ரோம்போபேக் மூன்று வகை அணுக்களையும் மீட்டதாக 2012இல் ஆய்வு வந்தது. 2014இல் அமெரிக்காவில் அந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. அந்த நோயில் மிகும் இன்டர்ஃபெரான்-காமா, த்ராம்போபொயட்டினோடு ஒட்டிக்கொண்டு அது ஏற்பியில் சரியாக அமரவிடாமல் மறிக்கிறது. மாத்திரை வேறு வாசலால் நுழைவதால் அந்த மறியலில் சிக்குவதில்லை.

இன்னொன்று: ஸ்டெம் செல்லைக் காக்கும் த்ராம்போபொயட்டின் பெரும்பாலும் கல்லீரலிலிருந்து வருகிறது. மஜ்ஜையில் பக்கத்து வீட்டுச் செல்லிடம் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

எஸ்.சி.எஃப்.ஐக் கரைசலாக மட்டும் பார்ப்பது

புட்டியில் வருவது கரைந்த வடிவம். மஜ்ஜையில், இரத்தக் குழாயை ஒட்டிய செல்களின் சவ்வில் பதிந்த வடிவம்தான் பெரிய வேலையைச் செய்கிறது. கரைந்த வடிவம் மட்டும் உள்ள எலி வகையில் ஸ்டெம் செல்கள் தேய்ந்துபோகின்றன.

நோயுற்ற எலியில் ஸ்கா-1ஐ நம்புவது

எலி ஸ்டெம் செல்லின் அடையாளமாகக் கொள்ளும் இந்தப் புரதத்தை அங்கே நம்பாதீர்கள். நோயின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் பட்டதும் முன்னோடிச் செல்களும் ஸ்கா-1ஐ அணிந்துகொள்ளும்.

பட்டினி போடாமல் ஸ்டாட்5ஐ அளப்பது

சைட்டோகைனில் ஊறிய செல்லுக்கு மீண்டும் சைட்டோகைன் கொடுத்து, மாற்றம் இல்லை என்று எழுதுகிறார்கள். முதலில் அதை எடுத்துவிட்டுச் சில மணி நேரம் பட்டினி போடுங்கள். பிறகு கொடுத்து, நிமிடக் கணக்கில் அளந்துபாருங்கள்.

உறைபெட்டி

தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காதவர் சைட்டோகைன் வாங்கக் கூடாது. புட்டியைத் திறக்கும் முன் மையவிலக்குக் கருவியில் ஒரு சுற்றுச் சுழற்றி, பொடியை அடியில் இறக்குங்கள். தாங்கு புரதம் சேர்த்துச் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

மாணவி இப்போது இரண்டு சைட்டோகைன்களோடு மட்டும் வளர்க்கிறாள். கோடு முன்புபோல ஏறவில்லை. 40 மடங்கு 6 மடங்காகிவிட்டது. முகம் வாடித்தான் இருந்தது. எலிகளுக்குப் பதினோராவது வாரம் நடக்கிறது. நான்காவது வாரம் அவள் சமோசா வாங்கக் கிளம்பினாள். பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது என்றேன்.