பழைய தாரில் புதிய சாலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலைப் பணிக்குப் புதிதாக வரும் இளம் பொறியாளர்களுக்கு மறுசுழற்சி என்றாலே தனி உற்சாகம். நல்லதுதான். ஆனால் கலவை ஆலையில் அவர்கள் செய்வதைப் பார்த்தால், எங்கள் காலத்துத் தவறுகளையே மறு ஒளிபரப்பில் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஜல்லியில் தூசி, ஆறிப்போன கலவை போன்றவற்றை மேற்பார்வையாளரே திட்டித் திருத்திவிடுவார். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக்கைத் தாரில் கொட்டாதீர்கள்

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில், பிளாஸ்டிக் துருவல் முதலில் சேர்வது சூடான ஜல்லியோடு. 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். அதற்குப் பிறகுதான் தார். வரிசையை மாற்றினால் பூச்சு கிடையாது. பி.வி.சி.யை அறவே சேர்க்கக் கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். குழாய்த் துண்டை எல்லோரும் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். ஃபிளெக்ஸ் பேனரும் பி.வி.சி.தான் என்பது மட்டும் ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நம் ஊரில் பேனருக்கா பஞ்சம்?

சுரண்டிய கலவையை மழையில் போடாதீர்கள்

எனக்கு இன்னமும் எரிச்சல் தீராத தவறு இது. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். வீட்டு வாசலைவிடச் சாலை உயர்ந்துகொண்டே போன ஊர்களுக்கு அது பெரிய நிம்மதி. சுரண்டி வரும் கலவையில் நல்ல ஜல்லியும் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய தாரும் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து ஆலையின் பின்புறம் வெறும் மண்ணில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு ஐப்பசியில், ஆலை ஒன்றில் ஓர் இளைஞர் தாளை நீட்டினார். "ஈரப்பதம் ஒன்றரை சதவீதம்தான் சார்."

"எங்கிருந்து எடுத்தீர்கள் தம்பி?"

"மேலிருந்துதான் சார்."

முதல் நாள் வெயிலில் மேல்பரப்பு காய்ந்து ஓடு கட்டியிருந்தது. லோடரை விட்டுக் குவியலைக் குடையச் சொன்னேன். உள்ளே கறுகறுவென்று ஈரம் மினுங்கியது. கையில் பிடித்தால் உருண்டை நின்றது. அந்த மாதிரியை உலர்த்தி எடை போட்டபோது 5 சதவீதத்தை ஒட்டி வந்தது.

இதில் என்ன நஷ்டம்? பழைய கலவையை நேரடியாகத் தீயில் காட்ட முடியாது, தார் கருகிவிடும். அதனால் புது ஜல்லியைக் கூடுதலாகச் சூடேற்றி, அந்தச் சூட்டில்தான் பழையதை உருக்குகிறோம். 30 சதவீதம் பழைய கலவை சேர்த்தால், அது காய்ந்திருக்கும்போதே ஜல்லிக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். 5 சதவீத ஈரம் இருந்தால் 250-ஐத் தாண்டும். அத்தனை எரிபொருளும் தண்ணீரை ஆவியாக்கப் போகிறது. அந்தக் கொதிக்கும் கல்லில் படும் தாரும் மூப்படைந்து இறுகுகிறது. சூட்டைக் குறைத்தாலோ ஈரம் கலவையிலேயே தங்கி, கல்லைவிட்டுத் தார் உரியும். அடுத்த மழையில் குழி. பழி மட்டும் மறுசுழற்சியின் மேல்!

தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிவிட்டோம் என்று பெருமைப்படுவார்கள். அதற்குள் ஆவி வியர்த்து மறுபடியும் குவியலிலேயே இறங்கும். வேண்டியது கூரை: பக்கங்கள் திறந்த கொட்டகை, அடியில் சரிவான தளம். அதற்கு வழியில்லையென்றால் குவியலைக் கூம்பாக உயர்த்துங்கள். தட்டையாகப் பரப்பினால் நீர் தேங்கும். மேலே லோடரை ஏற்றாதீர்கள், இறுகிப் பாறையாகிவிடும். ஒவ்வொரு சாலையின் கலவையையும் தனித்தனியாகக் குவியுங்கள்; ஒரே குவியலாக்கினால் தார் அளவு எந்தச் சோதனையிலும் நிலைத்து வராது.

நிலக்கரிச் சாம்பல் கரை

சாலையைத் தாங்கும் மேட்டுக் கரையை நிலக்கரிச் சாம்பலால் எழுப்பும்போது, சாம்பலை முழுதாகக் கொட்டி முடித்துவிட்டுப் பக்கவாட்டு மண்ணைப் பிறகு அணைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டும் அடுக்கடுக்காகச் சேர்ந்தே உயர வேண்டும். ஒரு மழை போதும், வெறும் சாம்பல் சரிவு ஓடையாக அரித்துவிடும்.

மரக்கன்று

வெட்டிய மரத்துக்குப் பதிலாகக் கன்று நடுவது இருக்கட்டும்; நிற்கிற புளியமரத்தை வெட்டாமல் சாலை போக வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.