இலை கொட்டுற சீசன்ல பறவையும் மீனும்: மிச்சிகன் காட்டுக்கு கைடு கூட போறவங்களுக்கு

மிச்சிகன்ல செப்டம்பர் 15 அன்னிக்கு க்ரவுஸ் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) வேட்டை சீசன் தொறக்கும். மொத நாளே போயே தீரணும்னு லீவு போட்டுட்டு வந்துடாதீங்க. நான் மொத வருஷம் அப்படித்தான் போனேன், காடு முழுக்க பச்சை, பத்தடி தள்ளி என்ன இருக்குன்னு தெரியல, திடீர்னு பக்கத்துல எங்கயோ தடதடதடன்னு ஒரு சத்தம், அவ்ளோதான், பறவை போயிடுச்சு. அன்னிக்கு பூரா சத்தம் மட்டுந்தான் கேட்டேன், ஒரு இறகக்கூட கண்ணால பாக்கல.

இப்ப சில வருஷமா வார கடைசில ஒரு கைடுக்கு ஒத்தாசையா போறேன், நாய்க்கு தண்ணி தூக்குறது, படகு தள்ளுறது, வர்றவங்களுக்கு வேடர்ஸ் (ஆத்துல எறங்க போடுற தண்ணி புகாத நீள பேன்ட்) மாட்டி விடுறது, இதான் என் வேலை. வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, எந்த தேதி புக் பண்றது, காலைல பறவையா மீனான்னு. கைடு காலண்டர பாக்க மாட்டார், இலையையும் தண்ணியையும்தான் பாப்பார். தோராயமா சொல்லணும்னா அக்டோபர் ரெண்டாவது, மூணாவது வாரம். பாதிக்கு மேல இலை கொட்டியிருக்கும், வுட்காக் பறவைங்க தெக்க போற வழியில வந்து எறங்கிட்டு இருக்கும், ஆத்துல ப்ரவுன் ட்ரவுட் மீன் முட்டை போடுற மூடுக்கு வந்து எது கண்ணு முன்னாடி போனாலும் கோவத்துல கடிக்கும்.

மொதல்ல லைசென்ஸ். விசால இருக்கவங்க இத நல்லா படிங்க. எச்1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக்கூடாதுங்கறது அமெரிக்க ஃபெடரல் சட்டம், அதுல இருக்கற முக்கியமான விலக்கே செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ்தான். அதனால கைடோட துப்பாக்கிய சும்மா கைல வாங்கி பாக்குறேன்னு நிக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் உங்க பாக்கெட்ல இருக்கணும். சந்தேகம்னா வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க, வாட்ஸாப் க்ரூப்ல கேக்காதீங்க. 1960 ஜனவரி 1 இல்ல அதுக்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு ஹன்டர் சேஃப்டி சர்டிஃபிகேட் வேணும், அது இல்லாதவங்களுக்கு அப்ரென்டிஸ் லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு, கூட ஒரு அனுபவஸ்தர் வரணும். வுட்காக் சுடணும்னா தனியா ஒரு இலவச ஸ்டாம்ப் (அனுமதி) வேணும், அதையும் அப்பவே சேத்து போட்டுக்கங்க. வடக்குப் பக்கம் க்ரவுஸ் ஒரு நாளைக்கு 5, வுட்காக் 3. வுட்காக் வலசை போற பறவைங்கறதால துப்பாக்கில மூணு ஷெல்லுக்கு (தோட்டாவுக்கு) மேல போகாத மாதிரி ப்ளக், அதாவது அடைப்பு, போட்டிருக்கணும், ரெட்டைக்குழல்னா அந்த கவலையே இல்ல. மீனுக்கு லைசென்ஸ் தனி.

துப்பாக்கி 20 கேஜ் போதும், 7½ இல்ல 8 நம்பர் ஷாட் (ஷெல்லுக்குள்ள இருக்கற சின்ன குண்டு), குழல் வாய இறுக்குற சோக் எவ்ளோ தொறந்திருக்கோ அவ்ளோ நல்லது, ஏன்னா இங்க எல்லாமே இருபது முப்பது கஜத்துக்குள்ள முடிஞ்சிடும். 20 கேஜ் ஷெல்லு மஞ்ச கலர்ல வரும், அது சும்மா அழகுக்கு இல்ல. கேஜ் நம்பர் கம்மியானா குழல் பெருசு, அதனால 12 கேஜ் குழல்ல தெரியாம 20 போட்டா அது உள்ள வழுக்கிப்போய் நடுவுல மாட்டிக்கும், பின்னாடி இன்னொரு ஷெல்ல போட்டு சுட்டீங்கன்னா குழலே வெடிக்கும். ரெண்டு கேஜ் ஷெல்லயும் ஒரே ஜாக்கெட்ல போட்டுட்டு வந்தவர எங்க கைடு வண்டிய விட்டே எறங்க விடல, மொத்த பாக்கெட்டயும் கொட்டி பிரிச்சப்புறம்தான் விட்டார், அவருக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு, ஆனா கைடு பண்ணதுதான் சரி.

சரி, பறவை எங்க இருக்கும்? பெரிய மரம் இருக்கற அழகான காட்டுல இருக்காது. ஃபோட்டோ எடுக்க வராத, மூஞ்சில குச்சி குத்துற, வெட்டிவிட்டு மறுபடி மொளச்ச ஆஸ்பன் காடுதான் வேணும். மரம் உங்க மணிக்கட்டு தடிமன்ல நெருக்கமா நின்னா அது க்ரவுஸ் வீடு. அந்த ஆஸ்பன் ஈரமான ஆல்டர் புதரோட சேர்ற ஓரம் இன்னும் விசேஷம். வுட்காக் நம்ம ஊர் உள்ளானோட சொந்தக்காரன், நீள மூக்க ஈர மண்ணுல விட்டு மண்புழு புடுங்கி திங்கும், மூக்கோட நுனி மட்டும் மண்ணுக்குள்ளயே தொறக்கும். குனிஞ்சு பாத்தா கருப்பு இலை மேல சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ள வெள்ளயா எச்சம், பக்கத்துல பென்சிலால குத்தின மாதிரி ஓட்டை. எச்சம் ஈரமா இருந்தா பேச்ச நிறுத்துங்க. ராத்திரி வடக்கு காத்து அடிச்சு குளுந்திருந்தா நேத்து ஒண்ணுமில்லாத இடத்துல இன்னிக்கு பத்து இருக்கும், ராத்திரில தான் அதுங்க பறந்து வரும்.

மொத க்ரவுஸ் கெடச்சதும் கைடு அதோட கழுத்துக்குக் கீழ இருக்கற இரைப்பைய கீறி பாப்பார், அருவருப்பா பாக்காதீங்க. ஒரு தடவ என் உள்ளங்கைல கொட்டினார், க்ளோவர் இலை மடிப்பு கலையாம அப்படியே, நடுவுல நாலஞ்சு செவப்பு ஹாதார்ன் பழம். அடுத்த ரெண்டு மணி நேரம் அந்த பழ மரம் இருக்கற ஓரமா மட்டும் நடந்தோம். எந்த ஆப்பும் இத சொல்லாது.

சுடறதுல ஒரே ஒரு விஷயம் சொல்றேன், மீதி கைடு சொல்லுவார். ஆரஞ்சு கலர் தொப்பியோ ஜாக்கெட்டோ போட்டிருக்கணும், அது சட்டம். ஆனா ஆரஞ்சு போட்டுட்டா போதும்னு இல்ல, அடர்த்தியில பக்கத்து ஆள் காணாம போயிடுவார், அதனால நிமிஷத்துக்கு ஒரு தடவ குரல் குடுத்துக்கிட்டே இருங்க. நாய் பறவைய மோந்து அசையாம (பாயிண்ட்ல) நின்னதும் நீங்களும் மூச்ச புடிச்சுட்டு நிக்காம மெதுவா நடந்துகிட்டே இருங்க, இடது கால் முன்னாடி வரும்போதுதான் (வலது கைக்காரங்களுக்கு) ஒடம்பு திரும்பும். பறவைக்குப் பின்னாடி வானம் தெரியலன்னா சுடாதீங்க. தாழ்வா போற பறவைய விட்டுடுங்க, அதுக்குப் பின்னாடியே நாய் ஓடும்.

நாய்கிட்ட நீங்க எதுவும் சொல்லாதீங்க. கம், சிட், குட் பாய் எதுவும் வேணாம், அது கைடோட வேலையாள், உங்க பேச்சுல கொழம்பிடும். முள்ளம்பன்றில மூஞ்சிய விட்டுடுச்சுன்னா மட்டும் நீங்க ஒத்தாசை, புடிச்சுக்க சொன்னா கெட்டியா புடிச்சுக்கங்க, ப்ளையர்ஸ் கைடுகிட்ட இருக்கும்.

இப்ப தண்ணி. வெயில் சூடா, காஞ்சு போன மத்தியானத்துல நாய்க்கு மோப்பம் வராது, அப்ப துப்பாக்கிய பெட்டில வெச்சுட்டு ஆத்துக்குப் போயிடணும். மழை தூறினாலும் அப்படித்தான், மேகமூட்டத்துல ப்ரவுன் ட்ரவுட் தைரியமா வெளிய வரும். ஆனா காத்தடிக்கிற நாள்ல போகாதீங்க, ஒவ்வொரு வீச்சுக்கும் மீனுக்கு பதிலா ஒரு மேப்பிள் இலை மாட்டும், பத்து தடவைல வெறுத்துடுவீங்க. மொதல்ல தெர்மாமீட்டர தண்ணில விடுங்க. 68 ஃபாரன்ஹீட்டுக்கு மேலன்னா ட்ரவுட்ட தொந்தரவு பண்ணாதீங்க, திரும்ப விட்டாலும் பொழைக்கறது கஷ்டம், அக்டோபர்ல தண்ணி அவ்ளோ சூடாகறது அபூர்வம். 45லேர்ந்து 55க்குள்ள இருந்தா பெரிய ஸ்ட்ரீமர் (சின்ன மீன் மாதிரி கட்டின பொய் இரை) ஒண்ண கரையோரம் கெடக்குற மரக்கட்டைய ஒட்டி வீசி வெடுக் வெடுக்குன்னு இழுங்க. பின்னாடி நிழல் மாதிரி வந்துட்டு கடிக்காம திரும்பினா அதே எடத்துல மறுபடி மறுபடி அடிக்காம ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு வாங்க.

நெறைய ட்ரவுட் ஓடைங்க செப்டம்பர் 30ஓட மூடிடும், எது தொறந்திருக்குன்னு அந்த வருஷ ரூல்ஸ பாக்கணும். க்ரேலிங் பக்கத்துல அவ் சபிள் ஆத்துல பர்ட்டன்ஸ் லேன்டிங்லேர்ந்து வேக்லி பாலம் வரைக்கும் 8.7 மைல் வருஷம் முழுக்க தொறந்திருக்கும், ஃப்ளை (இறகு, நூல்ல கட்டின பொய் இரை) மட்டும், புடிச்சத விட்டுடணும். 1959ல ட்ரவுட் அன்லிமிடெட்ங்கற மீன் பாதுகாப்பு அமைப்ப ஆரம்பிச்சதே அந்த ஆத்தங்கரைலதான்.

தண்ணில நடக்கும்போது காலுக்கு கீழ பாருங்க. சுத்தி எல்லா கல்லும் பாசி புடிச்சு கருப்பா இருக்க, ஒரு இடம் மட்டும் வெளக்கி வெச்ச பாத்திரம் மாதிரி வெளுப்பா தெரிஞ்சா அது பெண் மீன் வாலால அடிச்சு பறிச்ச முட்டைக் குழி. மிதிக்காதீங்க, மேல நிக்கிற மீன புடிக்கவும் வேணாம். வேடர்ஸ் பெல்ட்ட இறுக்குங்க, வழுக்கி விழுந்தா உள்ள தண்ணி ரொம்பாம காப்பாத்தறது அதான்.

கைடு காட்டின இடத்த மேப்ல பின் போட்டுட்டு அடுத்த வாரம் ஃப்ரெண்ட்ஸோட போய் நிக்காதீங்க, அவர் பொழப்பு அது. நவம்பர் 15 துப்பாக்கியோட மான் வேட்டை சீசன், அதுக்கு மொத நாளோட க்ரவுஸ் நிறுத்திடுவாங்க, மறுபடி டிசம்பர் 1ல தொறக்கும், ஆனா அதுக்குள்ள வுட்காக் எல்லாம் போயிருக்கும்.

ஃப்ளைட்ல திரும்பறவங்க ஜாக்கெட்டோட எல்லா பாக்கெட்டயும், பறவை போடுற பின் பையயும் சேத்து, வண்டி பானெட் மேல தலைகீழா ஒதறிட்டு கெளம்புங்க. நான் ஒதறாம போய் ஏர்போர்ட் செக்கிங்ல ஒரே ஒரு மஞ்ச ஷெல்லுக்காக ஒன்றரை மணி நேரம் ஓரமா நின்னேன், கூடவே மூணு இறகும் ஒரு ஆஸ்பன் இலையும் வெளிய வந்துச்சு.