சாவி கிராமபோனில் வேகம் நிற்கவில்லையா? கவர்னரைப் பழுதுபார்க்கும் முறை

பாட்டு நடுங்குகிறது, இழுக்கிறது, வேகத் திருகைத் திருப்பினாலும் மாற்றம் இல்லை என்றால் பெரும்பாலும் கோளாறு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில்தான் இருக்கும். ஆனாலும் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுங்கள்.

இசைத்தட்டின் ஓரத்துக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஊசியை வைத்துப் பாடவிட்டு எண்ணுங்கள். 30 விநாடிக்கு 39 சுற்று வந்தால் அது 78 வேகம், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று. ஊசி இல்லாமல் எண்ணிய கணக்கு உதவாது. ஊசியின் இழுவையும் மோட்டார் சுமக்கும் பாரம்தான். சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கினால் இசைத்தட்டின் துளை நடுவில் இல்லை, அல்லது நடுத்தண்டு வளைந்திருக்கிறது. எப்போதாவது 'டப்' என்று அதிர்ந்து வேகம் குலைந்தால், சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங்கின் கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது. அதற்குக் கவர்னரைத் தொட்டுப் பயனில்லை. விடாத நடுக்கமும் கலகலச் சத்தமும் கிறீச்சொலியும்தான் கவர்னரின் அடையாளங்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. வேகமாகச் சுழலும் சிறு தண்டில் இரண்டு வளையங்கள். ஒன்று தண்டோடு இறுக்கப்பட்டது, மற்றது ஒரு வட்டத்தகட்டோடு தண்டின் மேல் வழுக்கி நகரக்கூடியது. இரண்டையும் இணைக்கும் மெல்லிய பட்டை ஸ்பிரிங்குகள், வழக்கமாக மூன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குண்டு. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், ஸ்பிரிங் வளையும், வட்டத்தகடு இழுபட்டு வந்து தோல் துண்டில் உரசும். அந்த உரசல்தான் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வெளியே நாம் திருப்பும் திருகு தோல் துண்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒன்று உண்டு. மெயின் ஸ்பிரிங் முழுவதும் இறங்காமல் கவர்னரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் தடுப்பு இல்லாத மோட்டார் வெறிபிடித்ததுபோல் ஓடி, பல்சக்கரத்தின் பற்களைச் சீவிவிடும். விரல் நடுவில் இருந்தால் விரலும் போகும். பிரேக்கை எடுத்துவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு இசைத்தட்டு உட்காரும் சுழல்தட்டைக் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் தானாக இன்னும் கொஞ்சம் ஓடினால் ஸ்பிரிங்கில் இன்னும் விசை மிச்சமிருக்கிறது என்று பொருள்.

கவர்னர் தண்டின் இரு முனைகளும் உட்காரும் புஷ்கள் பல மோட்டார்களில் மையம் விலகிய துளை கொண்டவை. அவற்றைத் திருப்பினால் வார்ம் பற்களின், அதாவது தண்டில் திருகுபோல் வெட்டிய பற்களின், பிடிப்பு மாறிவிடும். ஆகவே கழற்றும் முன் புஷ்ஷிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு கோடு கீறிவையுங்கள். ஒரு புஷ்ஷின் திருகைத் தளர்த்தி, தண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே புஷ்ஷைப் பின்னால் இழுத்தால் கவர்னர் கையோடு வந்துவிடும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவுங்கள். ஸ்பிரிங்குகளைக் கழற்றியபின் தண்டைச் செங்குத்தாகப் பிடித்தால் வட்டத்தகடு தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் பழைய எண்ணெய் கோந்தாகிப் பிடித்திருக்கிறது. உலோக மெருகுப் பசையைத் துணியில் தொட்டுத் தண்டைத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் தண்டு தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும். வேகம் மேலும் கீழும் அலைவதற்கு இந்தத் தயக்கமே அடிக்கடி காரணமாகிறது. பலரும் இதைக் கவனிக்காமல் நேராக ஸ்பிரிங்கை மாற்றப் போய்விடுகிறார்கள்.

ஸ்பிரிங்குகளை வெளிச்சத்தில் பிடித்துத் திருகுத் துளையைச் சுற்றிப் பாருங்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒன்று உடைந்திருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். நீளமோ தடிமனோ சிறிது வேறுபட்டாலும் குண்டுகள் சமமாக விரியாது. நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. பழைய ஸ்பிரிங்கையே மாதிரியாக வைத்து வாங்குங்கள். திருகின் தலைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கும் சிறு வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் திருகுத்தலையின் விளிம்பு ஸ்பிரிங்கை அறுத்துவிடும். முதலில் எல்லாத் திருகுகளையும் தளர்வாக மாட்டி, ஸ்பிரிங்குகள் முறுக்கில்லாமல் தண்டுக்கு இணையாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். குண்டு ஈயமாக இருந்தால் இறுக்கும்போது கை அடக்கம் தேவை, மரை உடனே போய்விடும்.

அடுத்தது தோல் துண்டு. காய்ந்து கல்லாகிப்போன தோல்தான் கிறீச்சிடும். அதே தடிமனில் புதுத் தோலோ கெட்டியான ஃபெல்ட்டோ வெட்டி, தையல் மெஷின் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மிகுதியைப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். தடிமன் தவறினால், திருகு எந்தக் கோடிக்குப் போனாலும் 78 கிடைக்காது. வட்டத்தகட்டின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மெருகேற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போது கீறிய கோடுகளைப் பொருத்துங்கள். தண்டைத் தன் நீளவாக்கில் அசைத்தால் ஒரு காகிதத்தின் தடிமன் அளவுக்கு நகர வேண்டும். அதுவும் இல்லையென்றால் மோட்டார் இறுகி நின்றுவிடும், அதிகமானால் கலகலக்கும். வார்ம் பற்களுக்கு மெல்லிய கிரீஸ், முனைகளுக்கும் தகட்டின் வழுக்குப் பகுதிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். வட்டத்தகட்டின் முகத்தில் கிரீஸ் வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு ஐந்தாறு சுற்று மட்டும் சாவி கொடுத்து, கை பிரேக்கிலேயே இருக்கட்டும். சீராக ஓடினால் முழுச் சாவி கொடுத்து, ஊசி வைத்து, மறுபடி 39 எண்ணுங்கள். ஸ்ட்ரோப் தகடு (வேகம் சரியானால் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் தகடு) வைத்திருப்பவர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுள்ளதையும் 60 ஹெர்ட்ஸுக்கு 92 கோடுள்ளதையும் பயன்படுத்த வேண்டும். நியான் விளக்கின் கீழே கோடுகள் தெளிவாக நிற்கும். வேகம் சரியாகி, வேகத் திருகின் அளவைக் காட்டும் முள் மட்டும் வேறு எண்ணைக் காட்டினால் நெம்புகோலின் திருகைத் தளர்த்தி, முள்ளை 78க்குக் கொண்டுவந்து இறுக்கிவிடுங்கள். மைக் வருவதற்கு முந்தைய காலத்து இசைத்தட்டுகள் பல 78இல் பதிவானவை அல்ல. அவற்றுக்கு முள்ளை நம்பாமல், பாட்டின் சுருதியைக் கேட்டுத் திருகைத் திருப்புங்கள்.