நாலு மீற்றர் கயிற்றில் வரலாறு

தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாற்று ஆண்டுகள் மனதில் நிற்கவில்லையா? 4 மீற்றர் நைலோன் கயிறும் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளும் போதும். ஒரு வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்து வகுப்பறைச் சுவரில் கட்டி, ஆண்டு எழுதிய அட்டைகளைக் கிளிப்பால் மாட்டுங்கள். இடது முனை 1628, போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய ஆண்டு. 1638இல் அதை ஒல்லாந்தர் பிடித்தார்கள். இரண்டு அட்டைக்கும் இடையில் பத்தே சென்ரிமீற்றர்! "இவ்வளவுதானா சேர்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு பாடும்.

அடுத்து 1924, மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலம் கட்டிய ஆண்டு. 1948, சுதந்திரம். 1978 நவம்பர், மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி. 2004, சுனாமி. மிச்ச அட்டைகளைப் பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளைகளே எழுதட்டும்.

சூறாவளி அட்டையை மட்டும் வெறுமையாக விடுங்கள். அன்றிரவு கூரை எப்படிப் போனது, எங்கே ஒதுங்கினார்கள் என்று வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு இரண்டு வரி எழுதி வரச் சொல்லுங்கள். நான் முதலில் இதைக் கரும்பலகையில் கீறிப் பார்த்தேன், அடுத்த பாடத்துக்கு வந்தவர் அழித்துவிட்டார். சரி, கயிறுதான் வசதி. ஆனால் ஃபானுக்கு நேரே கட்டாதீர்கள், அட்டைகள் நூற்றாண்டு தாண்டிப் பறக்கும்.