சிவ, கறு, வெளு: நிறத்தை வினையாக்கி எழுதுவது எப்படி?

'முகம் சிவப்பாக ஆனது' என்று எழுத வேண்டியதில்லை. 'முகம் சிவந்தது' போதும். சிவ, கறு, வெளு மூன்றும் வினையடிகள்.

முதலில் காலம். சிவக்கிறது, கறுக்கிறது, வெளுக்கிறது. சிவக்கும், கறுக்கும், வெளுக்கும். இதுவரை சிக்கலில்லை, இறந்தகாலத்தில்தான் வழுக்கும். கறுத்தது, வெளுத்தது என்று 'த்த்' வரும். 'சிவ' மட்டும் 'நட' போல 'ந்த்' பெற்றுச் 'சிவந்தது' ஆகும். பேச்சில் 'செவத்த பொண்ணு' உண்டு. அது பேச்சோடு இருக்கட்டும், எழுத்தில் 'சிவந்த'.

அடுத்து, செயப்படுபொருள். சிவ, கறு இரண்டும் அதை ஏற்பதில்லை. 'வெயில் முகத்தைக் கறுத்தது' பிழை. 'வெயிலில் முகம் கறுத்தது' அல்லது 'வெயில் முகத்தைக் கறுக்க வைத்தது' சரி. வெளு செயப்படுபொருள் இல்லாமலும் வரும், ஏற்றும் வரும். 'சட்டை வெளுத்தது' என்றால் சாயம் போய்விட்டது. 'சட்டையை வெளுத்தார்' என்றால் அழுக்குப் போகத் துவைத்தார். 'பையனை வெளுத்தார்' என்றால் அடி. 'மழை வெளுத்து வாங்கியது', 'கிழக்கு வெளுத்தது', 'அவன் சாயம் வெளுத்துப்போச்சு' இவற்றை அப்படியே மனப்பாடம் செய்வது நல்லது. சொல்லுக்குச் சொல் பிரித்தால் பொருள் கிடைக்காது.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு 'க்க' ஈறு முக்கியம். 'வெங்காயத்தைச் சிவக்க வதக்கவும்' என்பது எதுவரை வதக்குவது என்பதைச் சொல்கிறது. 'சிவப்பாக வதக்கவும்' என்றால் மிளகாய்த்தூள் சேர்க்கச் சொன்னதுபோல இருக்கும். ற, ர மாறினாலும் வம்புதான்: மேகம் கறுக்கும், தோசை கருகும்.

கோபத்துக்கும் இந்த வினைகள் உண்டு. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம். இவை நிறத்தையும் உணர்த்தும் என்பது அடுத்த நூற்பா. இன்றும் கோபத்தில் கண் சிவக்கிறது. 'கறுத்தான்' என்றால் மட்டும் யாருக்கும் கோபம் புரியாது. 'கறுவினான்' என்று எழுதுங்கள். வஞ்சம் வைத்த கோபம் அது.

எல்லா நிறத்துக்கும் இப்படி வினை கிடையாது. இலை மஞ்சளானால் 'பழுத்தது', விஷம் ஏறிய உடம்பு 'நீலம் பாரித்தது'. பச்சைக்கு நெருக்கமாகப் 'பச' என்ற பழைய வினை இருக்கிறது; 'பசந்தாள் இவள்' என்று தொடங்கும் 1188ஆம் குறளில் அது பிரிவால் மேனி நிறம் மாறுவதைக் குறிக்கிறது. வயலுக்கு அது பொருந்தாது. 'பயிர் பச்சை பிடித்தது' என்று எழுதுங்கள்.